கையைத் தூக்கினா போதுமா

ஹலோ... ஹலோ... டேய், வச்சிடாத. வச்சிடாத, நான்தான். மாயவன்... ஆமா, இது அம்சவள்ளி அக்கா போனு. என் நம்பர்லேர்ந்து அடிச்சா நீ எங்க எடுக்கற... திருமுருகா. இருக்கியா?

... டேய், லைன்ல இருக்கியா இல்லியா?

... ம். மூச்சு வுடறது கேக்குது. சரி. இப்போதைக்கு அது போதும்.

எங்க இருக்க, ஒரே காத்தா இருக்குது?... கரையிலயா?... சரி, சொல்ல வேணாம். நான் உப்பளத்துல. காலேஜ் லீவு இல்ல, அம்மாவுக்கு முட்டி வீங்கிக் கெடக்குது, அதான் நான் எறங்கிட்டேன். விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சது, இப்பதான் வரப்பு மேல ஒக்காந்தேன். இடுப்பு என்னுதான்னே தெரியல... ம்... ம்... இல்ல, தையல் பிரிக்கல இன்னும். புருவத்துமேல வேர்வை எறங்குதா, அது பூரா உப்பு. எரியுது பாரு, அப்டி எரியுது... உனக்கு பல்லு?... ஆடுதா?... இன்னும் ஆடுதா. சரி, சோறாவது மெல்ல முடியுதா?

... சரி சரி. வளவளன்னு பேச வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் அடிச்சேன். நாளைக்கு கடலூர் வாலிபால் மேட்சுக்கு வர்றியா, இல்லியா?

...

டேய்.

... இன்னா, தலைய ஆட்டறியா? ஆட்டறல்ல? எனக்குத் தெரியும். போன்ல தலைய ஆட்டினா எனக்கு எப்டிடா தெரியும்? மேலயும் கீழயும் ஆட்டினியா, பக்கவாட்டுல ஆட்டினியா? வாயத் தொறந்து சொல்லுடா, புண்ணியமாப் போவுது...

... 'கத்தாத'வா? அடப்பாவி. இவ்ளோ நேரத்துல உன் வாயிலேர்ந்து வந்த மொத முத்து அதானா? நான் கத்தலடா. எங்க பேச்சே இதான். இங்க... ஒரு நிமிஷம் இரு. யக்கா! இதோ வந்துட்டேங்க்கா! மேஸ்திரிகிட்ட சொல்லுக்கா, மாயவன் தண்ணி குடிக்கறான்னு! ரெண்டே நிமிஷம்!... உன்ன இல்லடா. அக்காவ. நாலு பாத்தி தள்ளி நிக்குது. இந்தக் காத்துல இப்டித்தான் பேசணும், இல்லன்னா அந்தப் பக்கம் போய்ச் சேராது. பொறந்ததுலேர்ந்து இப்டியே பேசிப் பேசி, வீட்டுல குழம்பு ஊத்துன்னு சொன்னாகூட பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பாக்கறான். நான் இன்னா பண்ணட்டும்?

... ஆமா. ஆமா. கோர்ட்டுலயும் அப்டித்தான். ஒத்துக்கறேன். பசங்க திட்டறேன்னு நெனச்சுக்கறானுங்க. நீயும் அப்டித்தான் நெனச்சியா?... ம்... சரி.

சார் நேத்து கூப்ட்டாரு. நம்ம கோச்சு வேல்முருகன் சார்தான், வேற எந்த சாரு. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள டீமு பேரு அனுப்பணுமாம். 'அந்தப் பையன் எடத்துல சக்கரபாணியப் போட்டுடறேன், கேப்டன் நீ இன்னா சொல்ற'ன்னாரு. வேணாம் சார், அவன் வருவான்னேன். 'அவன் வாயால சொல்லட்டும் நான் ஆடறேன்னு, இல்ல உன்கிட்டயாவது சொல்லட்டும், அப்ப எழுதறேன்'னாரு. அவரு கேட்டது இன்னா தப்பு? ஃபைனல் முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு. நீ ஒரு வார்த்தை பேசல. குரூப்ல இருந்து வெளிய போயிட்ட. போன எடுக்கல. நீ பேசாம இருந்தா, மத்தவன்தான் உனக்கும் சேத்துப் பேசுவான். பேசறானுங்க.

... இன்னா பேசறானுங்களா? உனக்குத் தெரியாதா?... தெரியுமில்ல. பின்ன எதுக்கு என் வாயால கேக்கற... ம்... அதான். வேணும்னே வந்து இடிச்சன்னு. கேப்டன் மேல காண்டு, மண்டைய ஒடச்சுட்டன்னு. சக்கரபாணி குரூப்ல பெருசா எழுதியிருந்தான், நாலு பேரு கட்டவிரல் போட்டிருந்தானுங்க...

... டேய், நான் நம்பினா உனக்கு எதுக்குடா போன் பண்றேன்? அடுத்தவங்க போன வாங்கி? நான் நம்பல. ஆனா... இரு, முழுசா சொல்ல வுடு. நம்பலதான். ஆனா கோவம் இருந்துச்சு. இருந்துச்சுடா, ஏன் பொய் சொல்லணும். கடைசி செட்டு, கடைசி பாயின்ட்டு, பந்து வருது நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல. நான் எனக்குன்னு கத்தறேன். தொண்டை கிழியக் கத்தறேன். நீ பாட்டுக்கு ஓடி வந்து மண்டையில இடிக்கற. பந்து அந்தாண்ட வுழுவுது, நாம ரெண்டு பேரும் இந்தாண்ட வுழுவறோம். செவிடனாடா இவன்னு தோணுமா தோணாதா?

... ம்... ட்ரம் அடிச்சானுங்க, ஆமா... கேக்கலியா?... சத்தியமா கேக்கலியா?... சரி, நம்பறேன்.

... இன்னாது?... இன்னொரு தடவ சொல்லு... கையத் தூக்கினியா. ம். தூக்கின. எனக்குத் தெரியும்.

... எப்டித் தெரியும்னா... முந்தாநேத்து உங்க ஊருக்கு வந்தேன்டா. எக்கியார்குப்பத்துக்கு. உன்ன ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போவலாம்னுதான் வந்தேன். உங்கம்மா மீன் ஏலத்துல நின்னாங்க, போட்டு வர்ற நேரம்தான், சித்த நில்லுன்னாங்க. நின்னேன். உங்க போட்டு வருது. உங்கப்பா பின்னாடி எஞ்சின் புடிச்சுக்கினு இருக்காரு, நீ முன்னாடி நிக்கற. நான் கரையிலேர்ந்து கத்தறேன், டேய் திருமுருகா, டேய் திருமுருகான்னு. வலை பிரிக்கிற பொம்பளைங்க எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க, நீ மட்டும் திரும்பல. எஞ்சின் சத்தம். நீ கைய இப்டி சாய்ச்ச. உங்கப்பா திருப்பினாரு. இந்தப் பக்கம் சாய்ச்ச, இந்தப் பக்கம் வந்துச்சு. அப்புறம் கைய நேரா மேல தூக்கின பாரு... அவுரு எஞ்சின நிறுத்திட்டு, உன் பாட்டுக்கு வுட்டுட்டாரு. நீ குதிச்சு கயிறப் புடிச்ச. ஒரு பேச்சு இல்ல. அப்பன் புள்ளை ரெண்டு பேரும் உதட்ட அசைக்கல, போட்டு அழகா வந்து மணல்ல ஏறுது.

பக்கத்துல நின்ன ஒரு பெரியவர்கிட்ட கேட்டேன், மேல தூக்கினா இன்னா அர்த்தம்னு. 'இனிமே நான் பாத்துக்கறேன், நீ வுட்டுடுன்னு அர்த்தம்பா'ன்னாரு.

... ஆமாடா.

அதே கைதான? அன்னைக்குக் கோர்ட்டுல தூக்கினது?... ம்.

பேசாம திரும்பி வந்துட்டேன். பஸ்ஸுல ஒக்காந்து யோசிக்கிறேன், சிரிப்பு வருது, அழுவையும் வருது. நீ சொல்லிட்டன்னு நெனச்சுக்கினு வந்த. நான் சொல்லிட்டேன்னு நெனச்சுக்கினு வந்தேன். ரெண்டு பேரும் சொல்லிட்டோம்டா, ரெண்டுமே போய்ச் சேரல. நான் மேல பந்தப் பாத்துக்கினு ஓடறேன், முதுகுலயா கண்ணு இருக்குது உன் கையப் பாக்க? இங்க பாத்தியில எறங்கினா தலை குனிஞ்சது குனிஞ்சதுதான். நிமிந்தா வெயிலு கண்ணக் குத்தும், வெள்ளை வெளேர்னு. எவன் நிமிந்து பாப்பான்? கொரலுதான் எங்களுக்கு. உங்களுக்குக் கை. இத வச்சுக்கினு ரெண்டு வருசமா ஒரே டீமுல ஆடிட்டோம், அதான் அதிசயம்.

... சிரிக்கிறியா?... சிரிச்சியே இப்ப... சரி, பல்லு வலிக்கும், மெதுவா சிரி.

இன்னொரு கூத்து கேளு. சூர்யகலா மேடம் இருக்காங்கல்ல, கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ் எடுக்கறவங்க, என்ன வரச் சொன்னாங்க, ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு அடுத்த வாரம் நான் பேசணுமாம். தலைப்பு இன்னா தெரியுமா? 'விளையாட்டில் டீம் ஒர்க்.' போஸ்டரே ஒட்டிட்டாங்க. என் போட்டோ, கீழ லீடர்ஷிப்பு, டீம் ஒர்க்கு, கம்யூனிகேஷன்னு மூணு நட்சத்திரம். புருவத்துல தையலோட போய் நின்னு நான் இன்னாத்தடா பேசறது? பசங்களா, பாருங்க, இதான் டீம் ஒர்க்குன்னு தையலக் காட்டவா?... இல்ல, முடியாதுன்னு சொல்லிப் பாத்தேன். 'ஐ கான்டாக்ட் முக்கியம் மாயவன், எதிர்ல இருக்கறவங்க கண்ணப் பாத்துப் பேசுங்க, எல்லாம் வந்துடும்'னாங்க. சரிங்க மேடம்னுட்டு வந்துட்டேன். வேற இன்னா சொல்ல...

யக்கா, வர்றேங்க்கா! போன் பத்திரமா இருக்குதுக்கா!... அக்காதான். மேஸ்திரி பாக்கறாராம்.

டேய், கேளு. எனக்கு முடியலடா. நெஜமா சொல்றேன். காலைல உப்பு, அப்புறம் காலேஜு, சாயங்காலம் பிராக்டிஸு, எல்லார்கிட்டயும் நானே பேசி, எல்லார் சண்டையும் நானே தீர்த்து... கேப்டனாம். தொண்டை போச்சு. நீ பின்னாடி நிக்கறன்னுதான் நான் முன்னாடி நின்னு கத்திக்கினு இருந்தேன். பந்து என்னத் தாண்டிப் போனா நீ எடுப்ப. அது ஒண்ணுதான் எனக்கு தைரியம். நீ இல்லாத டீமுல நான் யார நம்பி கத்தறது?

... மங்களூரா? தெரியும். உங்கம்மா சொன்னாங்க. மாமா கூப்ட்டாராமே, அங்க போட்டுல வேலையாமே... அழுதாங்கடா. சொல்லாத சொல்லாதன்னுட்டுதான் சொன்னாங்க. படிப்ப பாதியில வுட்டுட்டுப் போறான்னு... எப்ப?... இன்னைக்கா? இன்னைக்கேவா?

... டேய், ஒரு மேட்சுடா. ஒரு பந்துடா. அதுக்குப் போயி...

... இரு. இரு. அது இன்னா சத்தம்? லாரியா?... இல்ல, எனக்கும் கேட்டுச்சு. போன்ல இல்ல, இங்க, ரோட்டு மேல. இதோ, மறுபடியும் அடிக்கறான்... ரெண்டு காதுலயும் ஒரே ஹாரன் கேக்குது. திருமுருகா, நீ எங்கடா இருக்க?

... எங்க?...

... எந்திரிக்கிறேன் இரு. வெயிலு... கண்ணு கூசுது... ஈசிஆர் ரோடு... உப்பு ஸ்டால் தெரியுது, பஸ் ஸ்டாப்பு தெரியுது... நீலச் சட்டையா?... அது நீயா? அந்தப் புளியமரத்து நிழல்ல?... டேய்! எவ்ளோ நேரமா நிக்கற அங்க?

... நான் போன் பண்றதுக்கு முன்னாடிலேர்ந்தா?

... கையக் காட்டினியா. எவ்ளோ தடவ?... அடக் கடவுளே. நான் குனிஞ்சுக்கினு வாரிக்கினே இருந்தேன்டா. ஒரு கூப்பாடு போடக் கூடாதா? அக்கா மட்டும் போன் குடுக்கலன்னா நீ கையக் காட்டிட்டு அப்டியே போயிருப்ப, நான் நிமிராமலே இருந்திருப்பேன்...

... கைல இன்னா பை?... மங்களூருக்கா... சின்னப் பை? அது இன்னா?... ஜெர்சியா. குடுத்துட்டுப் போவலாம்னு வந்தியா.

... ம்.

... மாமா எங்க?... பாண்டி ஸ்டேண்டுல நிக்கறாரா. பஸ்ஸு இப்ப வந்துடுமா...

சரி. சரி, நான் கத்தல. பாரு, மெதுவாப் பேசறேன். கேக்குதா? உன்னப் புடிச்சு இழுக்க நான் யாரு. ஓடி வரலாம்னாலும் இந்தச் சேத்துல, இந்த வரப்புல, வந்து சேர்றதுக்குள்ள நீ பாண்டியே போய்ச் சேந்துடுவ. ஒண்ணு மட்டும் செய். ஜெர்சியக் குடுக்கறதுன்னா அங்கயே ஸ்டால்காரம்மாகிட்ட குடுத்துட்டுப் போ. நான் வாங்கிக்கறேன், ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். நாளைக்கு ஆடறன்னா... வாயால வேணாம்டா. உனக்கு வராது, வுடு. அன்னைக்குத் தூக்கினல்ல, அதத் தூக்கு. நான் நிமிந்துதான் நிக்கறேன். உன்னையேதான் பாத்துக்கினு இருக்கேன். பந்த இல்ல.

...

... யக்கா, சித்த பொறுக்கா! வேணாம், இப்பக் கூப்டாத!

...

டேய், பஸ்ஸு வருது... தெரியுது எனக்கு... நின்னுட்டான். மறைக்கறான்டா, ஒண்ணும் தெரியல. ஏறிட்டியா?... திருமுருகா... ஏறிட்டியாடா?... ஹலோ... ஒரு சத்தமாவது குடுடா, எதுனா...

... கெளம்பிட்டான்.

... பொகை... இரு... மரம் தெரியுது...

...

ம்.

... தெரியுதுடா. பாத்துட்டேன். சார்கிட்ட நான் சொல்லிக்கறேன், என் கொரலு அவருக்குப் போய்ச் சேரும்.

கைய எறக்கு.