ஒற்றை மணி

தொண்ணூற்றெட்டு, மார்கழி மாதம். சாயங்காலம் மணி ஏழு. வாடிப்பட்டி ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை... நம் நண்பன் கார்த்திகேஷின் சித்தப்பா சாய்பிரசாத், மனைவி ஸ்ரீலட்சுமியைப் பின்னால் உட்கார வைத்து, பள்ளம் பார்த்துப் பார்த்து ஸ்கூட்டரை ஓட்டினார். அவளுக்கு ஆறு மாதம். முன்பே இரண்டு கலைந்துவிட்டன. இதுவாவது தங்க வேண்டுமே என்று மனுஷர் தினமும் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

அவளைச் செக்கப்புக்குக் கூட்டிப்போன, ரோட்டோரம் தனியாக நின்ற அந்தப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவர் அவர்தான். அதில் டைமர் ஒன்று வைத்திருந்தார். நிமிடத்துக்கொரு முறை அது தானாக விழித்து, பதிந்த பெயர்களில் அடுத்ததை ஹால் திரையில் காட்டி, ஒரு தடவை மணி அடிக்கும். ஆள் உள்ளே போனதும் பெயர் பக்கத்தில் 'வந்தாச்சு' என்று போடும். பெருமைதான்! ஆனால் இருட்டிவிட்டால் யாரும் எழுந்து வருவதில்லை.

"வெளக்கு வச்ச பெறகு ஒத்தக் கூப்பாட்டுக்கு எங்க சனம் எந்திரிக்காதுண்ணே," என்றார் கம்பவுண்டர் நல்லகாமன். "மனுசன்னா மூணு தடவ கூப்புடுவான். ஒரே தடவ கூப்புடுறது... வேற."

டவுன்காரரான சாய்பிரசாத் சிரித்தார். சரி, மூன்று தடவை மணி அடிக்கும்படி மாற்றிவிடலாம் என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். டாக்டரம்மா இன்னும் வரவில்லை. நல்லகாமன் டீ வாங்கப் போய்விட்டார். ஹாலில் ஸ்ரீலட்சுமி மட்டும்.

மாற்றுவதற்கு முன் டைமரை நிறுத்த, அதன் இடைவெளியைப் பூஜ்யமாக்கினார். பூஜ்யம் போட்டால் டைமர் செத்த மாதிரி. புரோகிராமையும் நிறுத்தினார்.

டிங்.

ஒரே ஒரு தடவை... நிமிர்ந்து ஹால் திரையைப் பார்த்தார். ஸ்ரீலட்சுமி என்று இருந்தது. அவள் பெயரை யாரும் பதியவே இல்லை.

"இதோ வாரேன்!" என்று அவள் எழுந்துவிட்டாள்.

அவர் கத்துவதற்குள் அவள் உள்ளே போக, டாக்டர் அறைக் கதவு சாத்திக்கொண்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், கதவின் வெளியே பூட்டு தொங்கியது. உள்ளே சத்தமே இல்லை. டீயோடு வந்த நல்லகாமன் பதறிப்போய் இடுப்புச் சாவியை எடுத்தார்.

"காலையிலேருந்து தொறக்கவே இல்லண்ணே!"

திறந்ததும் குப்பென்று பால் வாசனை. இருட்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் ஸ்ரீலட்சுமி. முகத்தில் சிரிப்பு.

"டாக்டரம்மா கை ஐஸ் மாதிரி இருந்துச்சுங்க. பாப்பாவுக்கு என்ன பேருன்னு நம்ம வீட்டுல பேசுற சௌராஷ்டிர பாஷையிலயே கேட்டாங்க. ஸ்ரீவர்ஷினின்னு சொன்னேன்."

டாக்டரம்மாவுக்குச் சௌராஷ்டிரத்தில் ஒரு வார்த்தை தெரியாது. சாய்பிரசாத் மெல்லத் திரும்பினார். ஹால் திரையில் பெயர் மாறியிருந்தது. ஸ்ரீவர்ஷினி... பக்கத்தில், 'வந்தாச்சு'.

ஸ்ரீலட்சுமி வயிற்றில் கை வைத்து, இடம் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தாள்.

"ஏங்க... பாப்பா அசையவே மாட்டேங்குது."