புகைபோக்கி ஆறும்வரை

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் அவர்களே, தீயணைப்புத் தலைவர் ராண்டல் அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் இருக்கும் வில்மா அக்கா அவர்களே, பனியைத் தள்ளிக்கொண்டு இந்த மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் ஊர்ப் பெருமக்களே, வணக்கம்.

உலை வைத்தியர் ஹாலிஸ் பெல்டியரோடு இருபத்தாறு ஆண்டுகள் ஒரே வண்டியில் போய் வந்தவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். ஓரிடத்தில் நின்று பேச முடியவில்லை. கீழே உலையிலிருந்து சூடு ஏறிவரும் இந்தத் தரைக் கம்பிவலையை ஏன் அடிக்கடி பார்க்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். சொல்கிறேன்.

மண் உறைந்து கிடக்கிறது. மே மாதம்வரை ஹாலிஸை அடக்கம் செய்ய முடியாது. கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில் காத்திருக்கிறார். காத்திருப்பது அவருக்குப் புதிதா? அவருடைய தொழிலில் பாதி காத்திருப்பதுதானே.

நம் நிலவறைகளில் இருந்து வீட்டைச் சூடாக்கும் பழைய உலைகள் உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் விறகு, மறுபக்கம் எண்ணெய். விறகு தணிந்தால் எண்ணெய் பர்னர் தானாகப் பற்றிக்கொள்ளும். இரண்டுக்கும் புகைபோக்கி ஒன்றுதான். வம்பே அங்கேதான். விறகு கொழுந்துவிட்டு எரியும்போது பர்னரைச் சரிபார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். சூடேறிய புகைபோக்கி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். விறகு அவிந்து, புகைபோக்கி ஆறிய பிறகுதான் பர்னரின் குட்டு வெளிப்படும்; புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். அதனால் ஹாலிஸ் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் நெருப்பை அவிய விடச் சொல்வார். சனவரியானாலும் சொல்வார்.

தெல்மா அம்மா வீட்டில் நடந்ததை மறக்க முடியுமா? அன்று அந்த அம்மா அடித்துக்கொண்டார்.

"நவம்பர்லேர்ந்து அணையாத நெருப்புய்யா இது. வெளிய மைனஸ் முப்பது. என் ரொட்டி மாவு எப்படிப் பொங்கும்?"

"மாவ எங்கிட்டக் குடும்மா."

"உங்கிட்டக் குடுத்து?"

"கோட்டுக்குள்ள வச்சுக்கறேன். எனக்குத்தான் தொப்பை இருக்கே, சும்மாதான கெடக்கு."

மூன்று மணி நேரம் சமையலறை நாற்காலியில் மாவுச் சட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு நிலவறைக்கு இறங்கினார். பர்னரின் முனையை மாற்றினார், காற்றின் அளவைத் திருத்தினார், கைப்பம்பால் புகையை இழுத்து வெள்ளைத் தாளில் பார்த்தார். மாவு பொங்கியிருந்தது. தாளில் கரிக் கறை இல்லை. பார்த்த நாளை அட்டையில் எழுதி, கையெழுத்துப் போட்டு, உலையில் மாட்டிவிட்டு வந்தார். அந்தக் கையெழுத்தை நம்பித்தானே இந்த ஊர் நிம்மதியாகத் தூங்கியது?

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

ஒன்பது நாளைக்கு முன் இந்த மண்டபத்து உலையைச் சரிபார்க்க நான் தனியாக வந்தேன். இங்கே பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. விறகு முழு வேகத்தில் எரிந்தது. பாடுகிற குழந்தைகளைக் குளிரில் நிறுத்த மனம் வரவில்லை. அது பாதி உண்மை. ஹாலிஸ் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசரம் எனக்கு. நெருப்பை அவிய விடாமலே சரிபார்த்தேன். தாள் வெள்ளையாக வந்தது. அட்டையில் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலை ஹாலிஸ் கண்ணைத் திறந்து கேட்டது ஒன்றுதான்.

"டோயல், மண்டபத்துல ஆற விட்டியாடா?"

"விட்டேன்ணே."

"எவ்ளோ நேரம்?"

"மூணு மணி நேரம்."

"சரிடா," என்று கண்ணை மூடிக்கொண்டார். விடிந்தபோது அவர் இல்லை.

சாகப்போகிற மனிதரிடம் பொய் சொன்னேன் நண்பர்களே. அண்ணன் என்னை நம்பிக்கொண்டே போய்விட்டார். அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

இந்த ஒன்பது நாளும் என் தவறு ஏன் வெளியே வரவில்லை? யாராவது ஒருவர் விறகு போட்டுக்கொண்டே இருந்தீர்கள். இன்று அவருக்காக எல்லோரும் மேலே வந்து உட்கார்ந்துவிட்டோம். கீழே விறகு அவிந்துகொண்டிருக்கிறது. நான் பேசத் தொடங்கிய பிறகு பர்னர் இரண்டு முறை பற்றியது. இரண்டாவது முறை உறுமிற்று. இப்போது எண்ணெய் வாடை வருகிறது. ராண்டல் இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டார்.

ராண்டல், நிலவறைப் படிக்கட்டின் மேல்முனையில் இருக்கும் பர்னரின் சிவப்பு சுவிட்சை அணைத்துவிடுங்கள். சன்னல் பக்கம் இருப்பவர்கள் நன்றாகத் திறந்து வையுங்கள். எல்லோரும் கோட்டை மாட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகளை என் வண்டியில் உட்கார வையுங்கள், சூடாக இருக்கும்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே உறுதி எடுப்பது வழக்கம். என் உறுதி இதுதான். நான் கீழே போய் அந்த அட்டையைக் கிழிக்கப் போகிறேன். புகைபோக்கியில் வெறுங்கையை வைத்து, அது சில்லென்று இருந்தால்தான் பம்பை எடுப்பேன். மூன்று மணி நேரம் ஆகும். அவருக்காக அவ்வளவு நேரம் குளிரில் இருக்க மாட்டோமா?

வில்மா அக்கா, என்னை மன்னியுங்கள். தெல்மா அம்மா, மாவு ஏதாவது கொண்டுவந்திருந்தால் என்னிடம் கொடுங்கள். நான் பார்த்து முடிக்கும்வரை யாரும் ஒரு கட்டை விறகுகூடப் போட வேண்டாம்.