நசுங்காத எலுமிச்சம்பழம்

அன்னவாசல் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னதைக் கேட்டு, படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

"எலுமிச்சம்பழம் மொதத் தடவ தப்பிச்சிருச்சு மாப்ள. எங்க மாமனார் மூக்குதான் தப்பிக்கல."

"என்னடா சொல்ற?"

"காருக்கு ஸ்டீல் கம்பி பின்னுன பிரேக் ஹோஸ் போட்டேன்ல, ரேஸ் காருக்குப் போடுறது? நேத்து கோயில்ல பூசை. பிரேக்கை, பக்கத்து சீட்டுல உக்காந்திருந்த மாமனாருக்குக் காட்டணும்னு பழத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னேன். சர்ருன்னு எடுத்து டக்குன்னு மிதிச்சேன். பழத்துக்கு ஒரு விரக்கடை முன்னாடியே வண்டி நின்னுருச்சு. அவரு நிக்கல."

"அப்பறம்?"

"பழம் நசுங்கலன்னா ஆகாதுன்னு சாவியப் பிடுங்கி, அவரே ஏத்தி நசுக்குனாரு."

"சாவிய எப்பக் குடுத்தாரு?"

"எங்க குடுத்தாரு! அந்தா பாரு, மூக்குல பிளாஸ்திரியோட என் காருல நம்ம பஸ்ஸை முந்துறாரு."