ஜன்னல் பக்கம் திருப்பிய கட்டில்

எனக்கு எந்தப் பொருளும் சும்மா கிடக்கக் கூடாது. ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால்கூட எழுந்துபோய் நிறுத்திவிட்டு வருவேன். ஆஸ்பத்திரியில் இந்த வேலையை என்னிடம் கொடுத்ததே அதனால்தான்.

வாய் பேச முடியாதவர்களுக்குப் பேச்சு மென்பொருள் கொடுக்கும் பிரிவு எங்களுடையது. திரையில் எழுத்துகள் இருக்கும். நோயாளி எதைப் பார்க்கிறார் என்று ஒரு சின்னக் கேமரா கண்டுபிடிக்கும். கருவி அதைச் சத்தமாகச் சொல்லும். எங்களிடம் பன்னிரண்டு உரிமங்கள்தான் உண்டு. காத்திருப்பவர்கள் நாற்பது பேர். முப்பது நாள் பயன்படாத உரிமத்தை எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. எடுப்பதும் கொடுப்பதும் என் பொறுப்பு.

ஒன்பதாவது உரிமம் என் அண்ணனிடம் இருந்தது. மூளையில் ரத்தம் கசிந்து படுத்தவர். கை, கால், நாக்கு, இமை எதுவும் அவர் சொன்னபடி கேட்காது. கருவிழி மட்டும் நகரும். அவர் வீட்டில்தான் நானும் மனைவியும் இரண்டு பெண்களும் இருக்கிறோம். அவரைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். நான்கு வருடமாக ஒரு நாள்கூட வெளியூர் போனதில்லை.

அண்ணன் கிண்டல்காரர். "ஷேவ் பண்றியாடா, தோலை உரிக்கிறியா?" என்று கருவியில் கேட்பார். என் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கோடையில்தான் பேச்சு மாறியது. வீட்டை விற்றுவிட்டு ஒரு பராமரிப்பு இல்லத்துக்குப் போகிறேன் என்றார்.

"உனக்கும் விடுதலைடா தம்பி."

அன்பாகத்தான் சொன்னார். நாங்கள் நால்வரும் எங்கே போவோம் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அவரே நேரில் சம்மதம் சொன்னால்தான் சேர்த்துக்கொள்வார்களாம். அதற்காக இல்லத்திலிருந்து ஒரு அம்மா இரண்டு மாதத்தில் வருவதாக இருந்தது.

அந்த வாரம் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பினேன். படுத்தே கிடப்பவருக்கு மரமும் தெருவும் தெரிய வேண்டாமா? பகலெல்லாம் வெயில் முகத்தில் அடித்ததில் கேமராவுக்கு அவர் கண் பிடிபடவில்லை. பொழுது சாய்ந்ததும் கருவியை நானே அணைத்துவிடுவேன். நோயாளிக்குத் தூக்கம் முக்கியம்.

முப்பதாம் நாள் கணினி அவர் பெயரைச் சிவப்பில் காட்டியது. சொந்த அண்ணன் என்பதற்காக விதியை வளைக்க முடியுமா? தசைநோயில் குரல் போன ஒரு ஆசிரியைக்கு உரிமத்தை மாற்றினேன். அவர் தன் கணவரிடம் முதலில் சொன்னது, "சட்டை பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க. மூணு நாளா பாக்குறேன்." அந்த மனிதர் அழுதுகொண்டே சிரித்தார். என் கையையும் பிடித்துக்கொண்டார்.

இல்லத்து அம்மா வந்தார். "ஐயா, நான் கேக்குறது புரியுதா?" அண்ணனின் கருவிழி இடமும் வலமும் ஓடியது.

"கண்ணு கலங்குதே," என்றார்.

"வெயில் படுதும்மா," என்றேன்.

அவர் ஃபைலை மூடிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு தவறு செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். உரிமத்தைக் கைமாற்றும்போது பழைய ஆள் சேமித்துவைத்த வாக்கியங்களை அழிக்க வேண்டும். எத்தனையோ பேருடையதை அழித்திருக்கிறேன். இந்த முறை கை வரவில்லை. போன வாரம் பரிசோதனைக்கு வந்த ஆசிரியையின் பார்வை அந்தப் பட்டியலில் ஒரு வரியில் நின்றுவிட்டது. என் மேலதிகாரியும் பக்கத்தில் இருந்தார். கருவி சொன்னது:

"கட்டிலைத் திருப்பாதடா தம்பி. வெயில் பட்டா கேமராவுக்கு என் கண்ணு தெரியாது."

மேலதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாரு சார் அந்தத் தம்பி?"

நான்தான் என்றேன். கட்டிலைத் திருப்பிய அன்று காலை அண்ணன் அதை மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் என் காதில் விழுந்தது. அதன் பிறகுதான் கட்டில் சக்கரத்தின் பூட்டை விடுவித்தேன்.

ஆனால் உங்கள் விசாரணை அறிக்கையில் அவரை நான் கொடுமைப்படுத்தியதாக எழுதாதீர்கள். வேண்டுமானால் வீட்டுக்குப் போய் அவரையே கேளுங்கள். இந்த இரண்டு மாதத்தில் என்னைப் பற்றி அவர் ஒரு குறை சொன்னதில்லை.