ஷோவா 41, மூன்றாம் மாதம்

நான் கோபக்காரன் அல்ல, நிஷினா சான். பக்கத்து வீட்டு நாய் பதினோரு வருடமாக என் வாசல் செடியில்தான் காலைத் தூக்குகிறது. ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. அந்த அம்மாள் அதை அசல் ஷிபா நாய் என்று யாரிடமோ சொன்னபோது மட்டும், இல்லை, கலப்பு என்று சொன்னேன். வாலைப் பார்த்தாலே தெரியும்.

என் வேலையும் அந்த மாதிரிதான். பழைய எலெக்ட்ரிக் கிதாரைக் கொண்டுவந்தால் அது என்ன மாடல், எந்த ஆண்டு, எந்த மாதம் செய்தது என்று சொல்வேன். எல்லாக் கிதாரும் அல்ல, செய்ரன் மட்டும். செய்ரன் தொழிற்சாலை இதே மாட்சுமோட்டோவில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஏழெட்டு ஆண்டுகள் நடந்தது. பிறகு தீப்பிடித்தது. பதிவேடுகள் எரிந்துபோயின. வரிசை எண் போடும் பழக்கமே அவர்களிடம் இல்லை. அதனால் ஒரு செய்ரனின் வயதைக் கண்டுபிடிக்கவே முடியாது என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நான் ஒன்றின் கழுத்தைக் கழற்றும் வரைக்கும்.

நான்கு திருகுகளை எடுத்தால் கழுத்து தனியாக வந்துவிடும். அது பொருந்தியிருந்த குழியில் பென்சிலில் 42-7 என்று எழுதியிருந்தது. பேரரசர் ஆண்டுக் கணக்கில் ஷோவா 42, ஏழாம் மாதம். அதாவது 1967 ஜூலை. அடுத்த கிதாரில் 41-11. அதற்கடுத்ததில் 44-2. இருபத்திரண்டு ஆண்டுகளில் நூற்றுப்பன்னிரண்டு கழுத்துகளைக் கழற்றியிருக்கிறேன். என் புத்தகம் மூன்று பதிப்பு கண்டது. ஒரு கிதாரில் மட்டும் 42-0 என்று இருந்தது. ஆண்டு பிறந்தும் ஆலை திறக்காத புத்தாண்டு விடுமுறை நாட்களையே பூஜ்ஜியம் குறிக்கிறது என்று ஆறு பக்கங்களில் நிறுவினேன். அதைப் படித்து அழுதுவிட்டதாக ஹொக்கைடோவிலிருந்து ஒருவர் கடிதம் எழுதினார்.

ஒதாகிரி ஃபுமியே சான் எங்கள் ஆய்வு வட்டத்தின் இலையுதிர்காலக் கூட்டத்துக்கு ஒரு கிதாரைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். எண்பத்தோரு வயது. செய்ரனில் ஐந்து வருடம் பிக்கப்புக்குக் கம்பி சுற்றியவர். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் அந்தச் சின்னச் சுருள்தான் பிக்கப். உறுப்பினர்கள் அறுபது பேரும் அவரைச் சூழ்ந்து நின்று வணங்கினார்கள். நானும் வணங்கினேன். என் உரை முடிந்து எல்லோரும் இனிப்பு வாங்கப் போனபோது அவர் என்னருகே வந்து உட்கார்ந்தார். வட்டத்தில் எல்லோரும் கூப்பிடுகிறபடி அவரும் என்னை சென்செய், அதாவது ஆசான் என்றே கூப்பிட்டார்.

"சென்செய், ஒண்ணு சொல்லலாமா? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"திரையில பெரிசாக் காட்டினீங்களே 42-7ன்னு, அது என் கையெழுத்து."

நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். "அப்ப தேதி போட்டது நீங்கதானா?"

"தேதியாவது ஒண்ணாவது. அது மத்தியானச் சாப்பாடு. நாலு சோபா நூடுல்ஸ், ரெண்டு உடோன் நூடுல்ஸ், ஏழு சோத்து உருண்டை. எதிர்க் கடைக்குப் போன் போட்டுச் சொல்றது என் வேலை. காகிதம் கைக்கு அகப்படலைன்னா, பக்கத்துல எந்தக் கிதார் கிடக்குதோ அதுல குறிச்சுக்குவேன்."

நான் நிதானமாகவே பேசினேன். எல்லா எண்ணும் நான்கில்தானே தொடங்குகிறது என்று கேட்டேன்.

"பாலிஷ் போடறவங்க நாலு பேரு. பொறந்ததுலேர்ந்து சோபா தவிர வேற எதையும் தொட்டதில்ல அந்த ஆளுங்க."

"பின்னாடி வர்ற எண் பன்னெண்டைத் தாண்டினதே இல்லையே."

"கடைக்காரர் எங்களுக்குன்னு பன்னெண்டு உருண்டைதான் பிடிப்பார். அதுக்கு மேல கேட்டா கை வலிக்குதும்பார்."

"அப்ப பூஜ்ஜியம்?"

"அன்னிக்கு உருண்டை தீந்துபோச்சு." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்க சாப்பாட்டுச் சீட்டை வெச்சு மூணு பதிப்பு போட்டுட்டீங்களே, சென்செய்."

அவர் கெட்டவர் அல்ல. சபையில் சொன்னால் எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று தனியாக வந்து சொன்னவர். ஆனால் வட்டத்தின் தலைவரான பல் மருத்துவர், ஆலை வாழ்க்கையைப் பற்றி ஏப்ரல் கூட்டத்தில் பேசும்படி அவரை அழைத்துவிட்டார். "பொய் சொல்ல எனக்கு வராது. ஆனா உங்களுக்காகச் சிரிக்காம சொல்லிடறேன்" என்று ஒதாகிரி சான் எனக்கு வாக்குக் கொடுத்தார்.

அதன் பிறகு மாதம் இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் காலமாகிவிட்டார், மகள் நீகாத்தாவில் இருக்கிறாள். அவரது கிதார் கல்யாணத்துக்கு ஆலை கொடுத்த பரிசு. எந்த விலைப்பட்டியலிலும் இல்லாத மாடல். கழுத்தின் இணைப்பில் பூசிய சாயம் ஒரு கீறல்கூட விழாமல் இருந்தது. ஒருமுறைகூடத் திறக்கப்படாதது என்று அதற்குப் பொருள். திறக்கலாமா என்று மூன்று முறை கேட்டேன்.

"தொறந்து என்ன செய்யப்போறீங்க? உள்ளயும் சாப்பாடுதான் இருக்கும்" என்று மறுபடி சிரித்தார்.

எதையும் யாராவது தவறாகச் சொன்னால் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது என்பதை அந்த வாரங்களில் கவனித்தேன். தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் பெண்ணைக்கூடத் திருத்துவார். வாயில் என்ன இருந்தாலும் திருத்துவார்.

ஜனவரி நான்காம் தேதி, பசை மாதிரி இழுபடும் அரிசிக் கட்டியான மோச்சி வாங்கிக்கொண்டு போனேன். புத்தாண்டு நாட்களில் மோச்சி தொண்டையில் சிக்கி எத்தனை முதியவர்கள் போகிறார்கள் என்று செய்தியில் சொல்கிறார்கள். அது நாம் யாரும் மாற்றக்கூடிய எண் அல்ல. சூப்பை நானே வைத்தேன். மகள் அம்மாவுக்காகத் தொட்டித் திட்டில் ஒரு கத்தரிக்கோல் வைத்திருந்தாள், மோச்சியை நகத்தளவு துண்டுகளாக வெட்டுவதற்கு. அதை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். அந்தச் சமையலறை மிகவும் குறுகலானது.

இருவரும் அடியில் கணப்பு வைத்துப் போர்வை மூடிய கொதாட்சு மேசைக்குள் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் ஒரு முழு மோச்சியைக் கடித்து வாய்க்குள் இழுத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்: "நாலாவது பதிப்புல ஒரு வரி சேக்கறேன், ஒதாகிரி சான். செய்ரன் பிக்கப்புக்குக் கம்பி சுத்தினது மெஷின்தான், மனுஷக் கை படவே இல்லைன்னு."

ஐந்து வருடம் சுற்றிய விரல்களைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார். பேசுவதற்காக மூச்சை இழுத்தார். அந்தத் திருத்தம் வெளியே வரவில்லை.

பிறகு அவர் தொலைபேசி இருந்த பக்கம் கையை நீட்டினார். கிதாரும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது. அதைத் திறக்க ஒருவழியாக அனுமதி தருகிறார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். கோட்டுப் பையில் எப்போதும் திருப்புளி இருக்கும். சாயம் உதிராமல் திருகுகளை எடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. அவசரப்பட்டால் மரம் பிளந்துவிடும். இரண்டாவது திருகு வருவதற்குள் அறை அமைதியாகிவிட்டது. உள்ளே பார்த்தேன். திரும்பப் பூட்டி, இணைப்பைத் துணியால் துடைத்தேன். என் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் போலீஸ் தரப்பில் நீங்கள் வந்து விசாரித்தபோது, பதினோரு மணிக்கு மோச்சியைக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிட்டேன் என்று சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். மருத்துவரும் விபத்து என்று எழுதினார். இறுதிச் சடங்கில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா பேச்சை இவ்வளவு பொறுமையா கேட்டது நீங்க ஒருத்தர்தான், சென்செய்" என்றாள். எல்லாம் முடிந்திருந்தது.

இன்று காலை என் வாக்குமூலத்தில் முத்திரை வைக்கக் கூப்பிட்டீர்கள். அறையில் இருந்த பொருட்களின் பட்டியலையும் பக்கத்தில் வைத்திருந்தீர்கள். ஏழாவது வரியில், பழைய கிதார், மாடல் தெரியவில்லை, ஷோவா 43 வாக்கில் செய்தது என்று இருந்தது. தவறு என்றேன்.

"மக குத்துமதிப்பா சொன்னாங்க, சென்செய். வருஷமா முக்கியம்? முத்திரையை வெச்சுட்டுப் போங்க" என்றீர்கள்.

"41. மூணாவது மாசம்."

பேனாவை மூடிவிட்டு மெதுவாகக் கேட்டீர்கள். "அதைத் தொறந்ததே இல்லைன்னு மக சொன்னாங்களே. வாசலோட திரும்பிப் போனவருக்கு எப்படித் தெரியும்?"

பார்த்தேன் என்றேன். எப்போது என்று கேட்டீர்கள். அதனால்தான் இவ்வளவும் சொல்ல வேண்டியதாயிற்று. ஆமாம், கொன்றது நான்தான். அதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஏழாவது வரியை மட்டும் நான் சொல்கிறபடி எழுதுங்கள். 43 என்பதை அடித்து 41-3 என்று போடுங்கள். மாடல் தெரியவில்லை என்று இருப்பதையும் அடித்துவிடுங்கள். எண்ணுக்குக் கீழே, அதே பென்சிலில், அதே கையெழுத்தில், தெளிவாக இருந்தது: 'ஒன்றில் வெங்காயத்தாள் வேண்டாம்'. மாடலின் பெயரை ஆலையே எழுதிவைத்த ஒரு செய்ரனை இந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் பார்த்தது இதுதான் முதல் முறை.