அரிக்கஞ்சட்டியில் பொன்

– இல்லம்மா, அதுக்கு முந்தின பக்கம். "நீரோட்டத்துக்கு எதிராக மேலே நடந்து செல்லுங்கள், துகள்கள் எங்கே நின்றுபோகின்றனவோ அங்கே மூலம் அருகில் உள்ளது"ன்னு போட்டிருக்கீங்க. எனக்கு நிக்கவே மாட்டேங்குதே!

– மன்னிக்கணும் ஐயா. புத்தகத்தைக் கையில எடுத்துக்கறேன். நீங்க யாருன்னு தயவுசெய்து இன்னொரு முறை சொல்ல முடியுமா? போன் வந்த பதற்றத்துல நான் சரியாக் கேட்டுக்கல.

– வீரையன். வலங்கைமான் பக்கம், விவசாயம். ஒங்க 'பொன் தேடுவோர் கையேடு' வாங்கின ஆளு. கடைசிப் பக்கத்துல "ஐயம் இருப்பின் மொழிபெயர்ப்பாளரை அழைக்கலாம், ரிஃப்கா, எம்.ஏ., திருவாரூர்"னு கொட்டை எழுத்துல நம்பர் போட்டிருக்கே, அந்த ரிஃப்கா நீங்கதானே?

– நான்தாங்க ஐயா. அந்த வரியைப் பதிப்பகத்தார் என்னைக் கேக்காமலே சேர்த்துட்டாங்க. இதுவரைக்கும் யாரும் அழைச்சதில்லை. நீங்கதான் முதல் வாசகர்.

– என்னம்மா, அப்ப வித்ததே ஒண்ணுதானா?

– ரெண்டுங்க ஐயா. இன்னொண்ணு எங்க அத்தா வாங்கினாங்க.

– ஏங்க, பதினொண்ணாம் நம்பர் டோக்கன் கூப்பிட்டாச்சு. நம்மளது பதினாலு. போன வைங்க.

– இரு கமலா. அம்மா, அது என் வீட்டுக்காரி. பத்திர ஆபீஸ் வாசல்ல ஒக்காந்திருக்கோம். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், தப்பா நெனச்சுக்காதீங்க.

– ஐயோ, இதுல தப்பா நினைக்க என்னங்க இருக்கு. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

– வணக்கம் எல்லாம் இருக்கட்டும். எனக்கு ரெண்டு கேள்வி இருக்கு. மொதக் கேள்வி, நான் எடுத்து வச்சிருக்கிறது பொன்னுதானான்னு. ரெண்டாவத கடைசியில கேக்குறேன். இன்னும் மூணு டோக்கன்ல என் நெலம் மூணு மாவையும், ஒரு ஏக்கர் முழுசையும் எழுதிக் குடுக்கணும். வாங்குறவரு அந்தா கார்ல ஏசி போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. நெலத்துல பொன்னு கெடந்தா விக்கிறவன் மடையன். கெடக்கலன்னா விக்காதவன் மடையன். நான் இதுல எந்த மடையன்னு நீங்கதான் சொல்லணும்.

– ஐயா, நான் ஆங்கில இலக்கியம் படிச்சவ. மூல நூல் எங்கேயோ மலையும் கூழாங்கல் ஆறும் இருக்கிற நாட்டுக்காக எழுதினது. நம்ம டெல்டாவுல இருக்கிறது வண்டல். இங்க பொன் கிடைக்கும்னு நான் ஒரு வரிகூட எழுதலீங்களே!

– நீங்க எழுதல. ஆனா கெடச்சிருச்சே!

– அப்படின்னா மூணாம் அத்தியாயத்துல இருக்கிற சோதனைகளைச் செஞ்சு பாத்துடலாமா, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா? முதலாவது, வெயில்ல மின்னுறதை நிழலுக்குக் கொண்டுபோகணும். காக்காப்பொன்னா இருந்தா மங்கிடும்.

– வேப்பமர நெழல்லதான் இருக்கோம். மாத்திரை டப்பால போட்டு வச்சிருக்கேன். கண்ணுல புரை விழுந்த எனக்கே மின்னுது.

– ரெண்டாவது, ஊசி முனையால அழுத்தணும். நொறுங்கினா வெறும் கல். நசுங்கினா பொன்.

– கமலா, ஒன் தாலிக் கயித்துல ஊக்கு மாட்டியிருப்பியே, அதக் குடு.

– அதெதுக்கு, பர்சுல வேற ஊக்கு இருக்கு. இந்தாங்க.

– கயித்துல இருக்கிறதுதான் கூர்மையா இருக்கும்.

– நாலு பேரு போற வர எடத்துல கயித்த வெளியில இழுக்கச் சொல்றீங்களா? பர்சுல இருக்கிறதும் ஊக்குதான், பிடிங்க.

– சரி, சரி. ம்... அம்மா, நசுங்குது. வெண்ணெய அழுத்துற மாதிரி நசுங்குது.

– யா அல்லாஹ்! ஐயா, அது பொன்தாங்க. புத்தகப்படி அது பொன்தான்.

– கேட்டீங்கல்ல? படிச்ச பொண்ணே சொல்லிடுச்சு. எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம். நாம ஒண்ணும் அச்சாரம் வாங்கல.

– பொறுடி. படிச்ச பொண்ணு இன்னும் முடிக்கல. அம்மா, மொதல்ல கேட்டதுக்கு வாங்க. ஏன் நிக்க மாட்டேங்குது?

– எங்கெங்க அரிச்சுப் பாத்தீங்கன்னு வரிசையாச் சொல்ல முடியுமாங்க? நான் எழுதிக்கறேன்.

– மொத நாளு நம்ம வயல் மடையடியில. ஒம்போது பொடி. மறுநாளு வாய்க்கா வளைவுல, எட்டு. அதுக்கப்புறம் புத்தகத்துல சொன்னபடி மேல மேல நடந்தேன். மதகுகிட்ட ஒம்போது. படித்துறைகிட்ட பத்து. ஊரே பாத்துச் சிரிக்குது. டீக்கடையில ஒருத்தன், "என்ன வீரையண்ணே, எங்களுக்கு ஒரு மோதரத்துக்குத் தேறுமா"ங்கிறான். நானும் பாத்தேன், மேட்டுத் தெடல்ல தண்ணியே ஏறாத எடத்துல ஒரு கூடை மண்ணு எடுத்து அரிச்சேன். அங்கயும் எட்டு.

– அது எப்படிங்க? பொன் எடையுள்ள பொருள். வெள்ளம்தான் அதை உருட்டிக் கொண்டுவரணும். தண்ணி ஏறாத மேட்டுக்கு அது எப்படி ஏறும்?

– அதத்தான் நானும் கேக்குறேன். இன்னும் இருக்கு, கேளுங்க. இன்னிக்குக் காலையில மண்ணே போடல. எங்க வீட்டு அடிபம்புத் தண்ணிய ஊத்தி வெறுமனே சுத்திப் பாத்தேன். ஏழு.

– வெறும் தண்ணியிலயா?

– வெறும் தண்ணியில.

– மன்னிக்கணும் ஐயா, எனக்கு ஒண்ணுமே புரியல. ஒருவேளை நான்தான் ஏதாவது ஒரு அத்தியாயத்தைத் தப்பா மொழிபெயர்த்துட்டேனோ என்னவோ. எந்தத் தட்டைப் பயன்படுத்தினீங்க? "உட்புறம் வரிப்பள்ளங்கள் கொண்ட அகன்ற தட்டு"ன்னு நான் எழுதியிருந்தேன்.

– அத மூணு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், மண்டையில ஏறல. அப்புறம் படத்தப் பாத்தாத்தான் தெரியுது, அட, இது நம்ம அரிக்கஞ்சட்டி! உள்ள வளையம் வளையமா வரி இருக்குமே, அரிசியில கல்லு அரிக்கிற மண்சட்டி. இவ பொறந்த வீட்டுலேர்ந்து கொண்டாந்தது. அத எடுத்துக்கிட்டுத்தான் போறேன்.

– அரிக்கஞ்சட்டி! இந்தச் சொல்லுக்காக நான் நாலு அகராதி புரட்டினேங்க ஐயா. அடுத்த பதிப்பு வந்தா நிச்சயம் சேர்த்துடறேன். உங்களுக்கு ரொம்ப நன்றி.

– ஏங்க, பன்னெண்டும் கூப்பிட்டாங்க.

– தெரியுது. அம்மா, எந்த மண்ணப் போட்டாலும் பொன்னு வருது, மண்ணே போடாட்டியும் வருது. இதுக்கு ஒங்க புத்தகத்துல பதிலே இல்லையா?

– பதினோராம் அத்தியாயத்துல ஒருவேளை...

– பதினொண்ணா? பத்தோட முடிஞ்சிருச்சுன்னாளே கமலா!

– அம்மாவா சொன்னாங்க?

– எனக்குத்தான் பொடி எழுத்து தெரியாதே. தெனம் சாயங்காலம் இவதான் வாசிச்சுக் காட்டுவா. பத்தாம் அத்தியாயம் முடிஞ்சதும் பொத்துனு புத்தகத்த மூடி, "அவ்வளவுதான், சுபம்"ன்னா.

– பின்னால ஏதோ ரெண்டு பக்கம் இருந்திச்சு. பொருளடக்கம்னு நெனச்சேன்.

– பொருளடக்கம் முன்னாலதானேடி இருக்கும்? சரி, பத்திர எழுத்தரு கையக் காட்டுறாரு, ஆதார் நகல் வேணுமாம். கமலா, போனப் பிடி. அம்மா, வச்சிராதீங்க. இப்ப வந்துர்றேன்.

– சரிங்க ஐயா, நான் காத்திருக்கேன்... அம்மா, நீங்க இருக்கீங்களா?

– இருக்கேன். ஸ்பீக்கர அமத்திட்டேன். தாயி, ஒன்ன மகளா நெனச்சுக் கேக்குறேன். அந்தப் பதினொண்ண அவருக்கு வாசிச்சிராத.

– அம்மா, அந்த அத்தியாயத்துக்குத் தலைப்பு "விற்பவர்கள் செய்யும் மோசடி". நிலத்தை நல்ல விலைக்கு விக்கணும்னு மண்ணுல பொன் தூவி வைப்பாங்களாம்.

– தெரியும். நாலு தடவ படிச்சேன். அவங்க விக்கிறதுக்குத் தூவுறாங்க. நான் விக்காம இருக்கிறதுக்குத் தூவுனேன்.

– நீங்களாம்மா?

– ஆடிப்பெருக்குக்கு ஆத்துல புதுக் கயிறு மாத்துனோம். அப்ப தாலிக்கு ரெண்டு பக்கமும் இருந்த பொன்குண்ட மட்டும் கோக்காம முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். அருவா தீட்டுற அரத்தால ராவுனேன். குண்டுக்குள்ள அரக்கு இருக்கும் பாரு, அந்தப் பிசுக்கோட சட்டி வரியில தடவி வச்சேன். வாய்க்காலுக்கு ஒரு நாளு போவாரு, நாலு பொடியப் பாப்பாரு, விக்க மாட்டேன்னுருவாருன்னு நெனச்சேன். இந்த மனுசன் புத்தகத்துல போட்டபடி பத்தடிக்கு ஒரு எடமா நடப்பாருன்னு நான் என்னத்தக் கண்டேன்? தெனம் விடியறதுக்குள்ள மறுபடி தடவ வேண்டியதாப் போச்சு.

– நீங்க நேராவே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமேம்மா?

– சொல்லாம இருப்பேனா? குவைத்துல எட்டு வருசம் நான் அடுத்தவங்க வீட்டு அடுப்படியில நின்னு அனுப்புன காசுல வாங்குன நெலம். பட்டா அவரு பேருல. போன தையில அறுக்க வேண்டிய கதிரு மழையில முங்கி வயல்லயே மொளச்சுப் போச்சு. அதுலேர்ந்து மனுசன் விட்டத்தப் பாத்துக்கிட்டுப் படுத்துட்டாரு. நெல்லப் போட்டு என்னத்தக் கண்டோம், வித்துட்டு மகன்கிட்ட போயிருவோம்ங்கிறாரு. எத்தன தடவ சொல்லியும் கேக்கல தாயி. கடையில மண்ணு பரிசோதனைப் புத்தகம் கேட்டு ஒன் புத்தகத்தத் தூக்கிட்டு வந்தாரு பாரு, அன்னிக்குத்தான் எந்திரிச்சு ஒக்காந்தாரு.

– அம்மா, நான் பொய் சொன்னதில்லை. சொன்னாலும் குரல்ல தெரிஞ்சுடும். என்ன செய்றதுன்னே எனக்குத் தெரியல.

– பொய் வேணாம். பொன்னுன்னு சொன்னியே, அது நெசந்தானே? அதோட நிறுத்திக்க. அவரு வர்றாரு... ஏங்க, பதினாலு கூப்பிட்டுட்டாங்களா?

– கூப்பிட்டாங்க. போனக் குடு. அம்மா, இருக்கீங்களா? ஸ்பீக்கர்ல போடுறேன், இவளும் கேக்கட்டும்.

– இருக்கேங்க ஐயா. உங்ககிட்ட ஒண்ணு பணிவாச் சொல்லணும். அது பொன் அப்படிங்கிறதுல சந்தேகமே இல்லை. ஆனா அது உங்க மண்ணிலிருந்து வந்ததான்னு உறுதி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என்னை நம்பி நீங்க எந்த முடிவும் எடுத்துட வேண்டாம். தயவுசெய்து.

– முடிவு எடுத்தாச்சும்மா. டோக்கன எழுத்தருகிட்ட திருப்பிக் குடுத்துட்டேன். கார்க்காரருகிட்டயும் சொல்லிட்டேன்.

– விக்கலையா? ஏங்க, நெசமாவா?

– நாத்தங்காலுக்கு விதை ஊறப் போடணும், ஆவணி பாதி போயிருச்சு. நீ ஏன்டி அழுவுற? அம்மா, ஒங்களுக்குத்தான் ரொம்ப சிரமம் குடுத்துட்டேன்.

– ஐயோ, சிரமம் எல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஆனா ஐயா, ரெண்டாவது கேள்வின்னு ஏதோ சொன்னீங்களே?

– ஆமா, அதுக்குத்தான் போனே போட்டேன்: ராவி எடுத்த பொன்னுத் தூள மறுபடியும் ரெண்டு குண்டா உருக்குறதுக்கு ஒங்க புத்தகத்துல ஏதாவது பக்கம் இருக்காம்மா?