பக்கத்து நாற்காலி பேசவில்லை

தலைமையேற்று அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, எனக்கு முன்னால் உருக்கமாகப் பேசி அமர்ந்த வடிவமைப்புப் பிரிவுத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, கை கழுவக்கூட நேரமில்லாமல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கும் தோழர்களே, பின்சுவரோரம் நிற்கும் பயிற்சி மாணவர்களே! சோதனைப் பிரிவின் சார்பில் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டிருப்பவர் யார்? இந்த மின்விசிறித் தொழிற்சாலையின் முன்னாள் வடிவமைப்புத் தலைவர். நம் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியவர். ஆனால் பதவியைச் சொன்னால் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. "எதிர்க்கட்சி" என்று சொல்லிப் பாருங்கள், வாயிற்காவலர்கூட எழுந்து நிற்பார். நம் எதிர்க்கட்சி அண்ணன் போய்விட்டார்!

ஏன் எதிர்க்கட்சி? புதிதாக வந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அண்ணன் நடத்திய புதன்கிழமைக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யோசனை கொண்டுவந்தவர் அதை ஆதரித்துப் பேசக் கூடாது. அதில் என்னென்ன ஓட்டை என்று அவரே எழுந்து போட்டு உடைக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருப்பவர்தான் அதற்காக வாதாட வேண்டும். "காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. அதனால காக்கா சும்மா இருக்கட்டும், பக்கத்துக் கிளைக்காரன் பேசட்டும்" என்பார்.

மேசை விசிறிக்குக் கைப்பிடி வைக்கலாம் என்பது அவர் யோசனை. அதை அவரே எழுந்து என்ன விளாசு விளாசினார் தெரியுமா? வீண் செலவு, பார்ப்பதற்கு வாளி மாதிரி இருக்கும், கழன்றால் காலில் விழும்! பக்கத்தில் இருந்தவர் நம் கணக்கு அதிகாரி. ஒரு திருகாணி கூடுதலாகக் கேட்டாலே அவருக்கு முகம் சுருங்கும். வேறு வழியில்லாமல் எழுந்தார். "எங்க வீட்ல இருக்கறதே ஒரு விசிறி. சமையலறைக்கும் கூடத்துக்கும் நான்தான் தூக்கிட்டு அலையறேன். கழுத்தைப் பிடிச்சுத் தூக்கித் தூக்கி அதுக்குக் கழுத்தே சாஞ்சு போச்சு" என்று ஆரம்பித்தார். முடிக்கும்போது மேசையைத் தட்டி, "கைப்பிடி இல்லாம இனிமே ஒரு விசிறி வெளியே போகக் கூடாது!" என்றார். அதோ, கணக்கு அதிகாரியே சிரிக்கிறார் பாருங்கள்!

படைப்புச் சிந்தனை என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். அது திடீரென்று வானத்திலிருந்து குதிப்பதா? சிலருக்கு மட்டும் பிறவியிலேயே வாய்ப்பதா? அண்ணன் ஒப்புக்கொள்ளவே மாட்டார். "அடுத்தவன் யோசனைக்குள்ள போய் உட்கார்ந்து பாரும்மா. உனக்குத் தானா வரும்" என்பார்.

அவருடைய கடைசி யோசனைக்கு வருகிறேன். பயிற்சி மாணவர்களுக்கென்று ஒரு இயந்திரம். வாரத்தில் ஒரு நாள் அவர்கள் சொந்தமாக யோசித்ததை அதில் செய்து பார்க்கலாம். அவ்வளவுதான். "அளவு பார்க்கச் சொல்லித் தரோம், வரைபடம் படிக்கச் சொல்லித் தரோம். யோசிக்க எப்போ சொல்லித் தரப் போறோம்?" என்று பல நாள் என்னிடம் புலம்பியிருக்கிறார்.

அதைக் கூட்டத்தில் வைத்த புதன்கிழமை இயக்குநர் முதன்முறையாகக் கூட்டத்துக்கு வந்திருந்தார். அண்ணன் வழக்கப்படி எழுந்தார். "பொருள் வீணாகும். உற்பத்தி குறையும். பிள்ளைங்க கையை வெட்டிக்குவாங்க" என்று தன் யோசனையைத் தானே கிழித்துவிட்டு உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அதில் இருந்தவர் அண்ணனின் முதல் மாணவர். அவர் பயிற்சியில் இருந்த காலத்தில் அவருடைய யோசனைக்காக அண்ணன் தொண்டை கட்டும்வரை வாதாடியதை நான் கேட்டிருக்கிறேன். அந்த மாணவர் அன்று என்ன செய்தார்? இயக்குநரின் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "அவரே வேண்டாம்னு சொல்லிட்டாரே, அடுத்தது என்ன?" என்றார் இயக்குநர். நான் எழுந்தேன். "முடிஞ்சதும்மா, உட்காருங்க" என்றார்கள்.

இயக்குநர் மேல் எனக்கு வருத்தமில்லை. புதிதாக வந்தவர், நம் வழக்கம் தெரியாது. பிறகு அவர் அறைக்கே போய் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படியே இருந்தாலும், பக்கத்துல இருந்தவருக்கே உடன்பாடு இல்லையேம்மா. அவர் வந்து பேசட்டும், பார்க்கலாம்" என்றார். அந்த மாணவர் போய்ப் பேசவில்லை. "வடிவமைப்புத் தலைவரின் சொந்த ஆட்சேபணையால் கைவிடப்பட்டது" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். தவளையும் தன் வாயால் கெடும் என்று உணவுக்கூடத்தில் சிரித்தார்கள். அண்ணன் முன்கூட்டியே ஓய்வு பெற்றுப் போனார். அவர் நாற்காலிக்கு அந்தப் பக்கத்து நாற்காலிக்காரரே வந்தார்.

சற்று முன் இதே ஒலிவாங்கியில், "அவர் எனக்குத் தந்தை போன்றவர்" என்று கேட்டோமே! சொல்லுங்கள் தோழர்களே! உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்துவிட்டு, அந்த வீட்டு வாசலிலேயே நின்று அழ எப்படி முடிகிறது?

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணே?" என்று கேட்டேன். "என் வழக்கத்தை நானே உடைச்சா, நாளைக்கு அந்தப் பசங்க அதை மதிப்பாங்களா?" என்றார். அதன் பிறகு புதன்கிழமை சாயங்காலமானால் தொலைபேசியில் கூப்பிடுவார். ஒரே கேள்விதான். "பேசினானா?"

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னுமா அவரை நம்பறீங்க?"

"பயந்துட்டான்மா. பயம் தெளிஞ்சா பேசுவான். நல்ல பிள்ளை."

அண்ணே, உங்கள் மேல் எனக்குக் கோபம் இதற்குத்தான். ஏமாற்றப்பட்டோம் என்று ஒரு தடவை வாய்விட்டுத் திட்டியிருந்தால், நாங்களும் உங்களோடு சேர்ந்து திட்டியாவது ஆறியிருப்போம்.

சோதனைப் பிரிவில் துளையிடும் இயந்திரம் ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. வேலை முடிந்தபின் அது சும்மாதான் நிற்கிறது. வருகிற புதன்கிழமையிலிருந்து அதை இந்தப் பிள்ளைகளுக்குத் தர இயக்குநரின் அனுமதியை இந்தச் சபையிலேயே கேட்கிறேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள எங்கள் பிரிவு இருக்கிறது. கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம். அண்ணன் படத்தின் முன்னால் இது எங்கள் உறுதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணியின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். மருத்துவமனையில் கடைசி நாளில் அண்ணன் அந்தக் கேள்வியை அண்ணியிடம் கேட்டிருக்கிறார். மனசு கேட்காமல் அண்ணி, "பேசிட்டாராம்ங்க" என்று சொல்லிவிட்டார். அவர் முகம் அப்படி மலர்ந்ததாம். "பார்த்தியா, நான் சொன்னேன்ல! என்ன சொன்னான்?" என்று கேட்டாராம். அண்ணிக்குப் பதில் தெரியவில்லை. அண்ணன் அதைக் கேட்டபடியே கண் மூடினார்.

வடிவமைப்புப் பிரிவுத் தலைவர் அவர்களே! இயக்குநர் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார். அண்ணி உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒலிவாங்கியை அணைக்காமல் விட்டுவிட்டு இறங்குகிறேன். வாருங்கள். என்ன சொன்னீர்கள் என்று அண்ணியிடம் சொல்லுங்கள்.